ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு பெரிய கடையில் சென்ட், லிப்ஸ்டிக் என்று 1,850 ரூபாய்ப் பொருள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு பில் போடாமல் வெளியே வந்துவிட்டாள். பிடித்தவர்கள் மூன்று மணி நேரம் ஓர் அறையில் உட்காரவைத்துக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பத்து மடங்கு பணம் கேட்டார்கள், எங்களால் முடியவில்லை. இப்போது ஸ்டேஷனில் புகார். ‘கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்கிறார் தெரிந்தவர். மகள் அரசு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: ஐயா, அந்த ஒரே நாள் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒத்துக்கொண்டால் தீர்ப்பு ‘குற்றவாளி’ என்றுதான் வரும். ஃபைன் கட்டிய ரசீதைத் தொலைத்துவிடலாம், தண்டனைப் பதிவைத் தொலைக்க முடியாது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 303-வது பிரிவுப்படி திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திருப்பித் தரப்பட்டது என்றால் தண்டனை சமூக சேவைதான். தெரிந்தவர் சொல்லும் ஃபைன்கூட இங்கே இல்லை. இவ்வளவு சிறிய தொகையென்றால் ஜாமீன் உரிமை. நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவும் முடியாது.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை. ‘பொருள்களைப் பாதுகாத்துவைக்கும் கட்டடம்’ என்று சொல்லிக் கடைத் திருட்டை 305-வது பிரிவுக்குக் கொண்டுபோவதுண்டு. அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. 5,000 ரூபாய்ச் சலுகையும் கிடையாது. அப்படிப் போட்டிருந்தால் வக்கீலின் முதல் வேலை அதை எதிர்ப்பதாகத்தான் இருக்கவேண்டும்.

303 மட்டும் என்றால் நல்ல வழி சமரசம். பொருளின் உரிமையாளர், அதாவது கடை சார்பில் அதிகாரம் பெற்றவர், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் வழக்கு முடியும். சட்டத்தில் அது விடுதலைக்குச் சமம். கடைக்குப் பொருளின் விலையைக் கேட்க உரிமை உண்டு. ‘பத்து மடங்கு கொடு, இல்லாவிட்டால் போலீஸ்’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத வசூல். மூன்று மணி நேரம் அடைத்துவைத்ததும், பயமுறுத்தி எழுதவைத்திருந்தால் அந்தக் கடிதமும், நமக்குப் பேச இடம் தருபவை. வீறாப்புக்காக எதிர்ப் புகார் கொடுக்காதீர்கள். சமரசம் பேசும்போது வக்கீலுக்கு இந்த இரண்டும் உதவும்.

சமரசம் நடக்காமல் தண்டனை வரைக்கும் போனாலும், 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்கவேண்டும், காரணத்தையும் எழுதவேண்டும். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியோ விட்டுவிடலாம். அப்படி விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. இதைக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். கேட்காமல் தானாகக் கிடைக்கும் என்று நம்பவேண்டாம்.

வேலை விஷயம். ‘உங்கள்மீது வழக்கு இருந்ததா?’ என்று விண்ணப்பத்தில் கேட்டால், முடிந்த வழக்கானாலும் ‘ஆம்’ என்றே எழுதவேண்டும். இளவயதில் நடந்த சிறு குற்றத்தை, அதை மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் சொன்னது. ‘லாம்’தான், கட்டாயமில்லை. நான் பார்த்தவரையில் வழக்கைவிட ‘இல்லை’ என்று போட்ட டிக் மார்க்தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது. போலீஸ் வேலையென்றால் விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே வைத்துப் பார்க்கிறார்கள்.

வக்கீல் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100. வழக்கு கோர்ட்டுக்கு வரும் முன்னால் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. நடந்ததை அவள் வாயால் வக்கீல் கேட்கவேண்டும்.