தோலின் உணர்ச்சியும் முண்ணாண் காயத்தின் பின்னரான நடையும்



"முண்ணாண் காயமடைந்தவரால் ஏன் நடக்க முடிவதில்லை?" என்று வகுப்பில் கேட்டால், "மூளையின் கட்டளை காலுக்குப் போவதில்லை" என்று உடனே விடை வரும். சரிதான், ஆனால் அது பாதி விடையே. காலிலிருந்து மேலே வரும் செய்தியும் தடைப்படுகிறது என்பதைப் பலர் எழுதுவதில்லை. நடை மீள்வதில் அச்செய்தியின் பங்கை இங்கு பார்ப்போம்.

1. அடிப்படை

தொடுகை, அமுக்கம், வலி, வெப்பம் ஆகியவற்றை உணரும் வாங்கிகள் தோலில் உள்ளன. இவற்றின் செய்தி புலன் நரம்புக்கலங்கள் வழியே முண்ணாணை அடைகிறது. அங்கிருந்து அது இரு வழிகளில் செல்லலாம்.

(அ) மேலேறி மூளையை அடைதல். அப்போதுதான் நாம் அதை உணர்கிறோம்.
(ஆ) முண்ணாணிலேயே இயக்க நரம்புக்கலங்களைத் தூண்டுதல். முள் குத்தியதும் காலை இழுப்பது இவ்வகைத் தெறிவினையாகும்.

காயத்துக்குக் கீழேயுள்ள முண்ணாண் பகுதி பெரும்பாலும் உயிருடன் இருக்கும். மூளையுடனான தொடர்பே அறுந்திருக்கும். எனவே (ஆ) வழி தொடர்ந்து செயற்படலாம்.

2. பூனைகளில் கண்டறிந்தவை

காலிலிருந்து செய்தி வராதபோதும் முண்ணாண் நடைக்குரிய தாளத்தைத் தானே உண்டாக்கும் என்பதை 1911 இல் கிரஹாம் பிரவுண் காட்டினார். அப்படியானால் தோலுணர்ச்சி தேவையில்லையா?

இதற்கு மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புயே, ரொசிஞோல் ஆகியோர் 2003 இல் விடை தந்தனர். பின்னங்காற் பாதத்தின் தோல் நரம்புகள் வெட்டப்பட்ட பூனைகள், முண்ணாண் நலமாக இருந்தபோது சமதளத்தில் விரைவில் நடந்தன. ஏணிப் படிகளில் நடக்கவே சில வாரங்கள் தடுமாறின. முண்ணாணும் வெட்டப்பட்ட பின்னரோ, பாதத்தைச் சரியாக ஊன்ற அவற்றால் முடியவில்லை. ஒரேயொரு தோல் நரம்பு மீதி வைக்கப்பட்டபோது, பயிற்சியின் பின் பாதம் ஊன்றியது. அந்நரம்பையும் வெட்டியதும் அத்திறன் மறைந்தது.

முடிவு: தாளம் முண்ணாணுடையது. பாதத்தைச் சரியாக ஊன்றுவதற்குத் தோலின் செய்தி வேண்டும்.

3. மனிதரில் கண்டறிந்தவை

காயமடைந்தவரின் உடலில் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டு வைத்தியர்கள் சோதிப்பர். அசைவே இல்லாத, ஆனால் உணர்ச்சி ஓரளவு எஞ்சியிருந்த 27 பேரைப் பற்றிய ஆய்வொன்று 1991 இல் அமெரிக்காவில் வெளியானது.

• மென்தொடுகையை மட்டும் உணர்ந்தோர் 18 பேர். பின்னர் நடந்தோர் 2 பேர்.
• ஊசிக்குத்தையும் உணர்ந்தோர் 9 பேர். பின்னர் நடந்தோர் 8 பேர்.

காரணம் என்ன? வலிச் செய்தி ஏறும் பாதையும் இயக்கக் கட்டளை இறங்கும் பாதையும் முண்ணாணில் அருகருகே உள்ளன. ஒன்று தப்பியிருந்தால் மற்றதும் ஓரளவு தப்பியிருக்கலாம். ஆய்வுக்குட்பட்டோர் சிலரே என்பதால் இதை உறுதியான விதியாக எழுதாதீர்கள். எனினும் 2011 இல் ஐரோப்பிய நோயாளரைக் கொண்டு உருவாக்கப்பட்ட முன்கணிப்பு முறையிலும், வயது, இரு தசைகளின் பலம் ஆகியவற்றுடன் முழங்காலின் உட்பக்கத்திலும் குதியின் வெளிப்பக்கத்திலும் உள்ள தொடுகையுணர்ச்சி சேர்க்கப்பட்டுள்ளது.

நினைவிற் கொள்க

பூனையில் தோலின் செய்தி நடைக்கு உதவும் காரணி. 1991 ஆய்வில் ஊசிக்குத்து உணர்ச்சி, பாதைகள் தப்பியுள்ளன என்பதற்கு அறிகுறி. காரணியையும் அறிகுறியையும் குழப்பினால் விடை பிழைத்துவிடும்.

மாதிரி வினா

காலை அசைக்க முடியாத நோயாளியிடம் வைத்தியர் தோலுணர்ச்சியை ஏன் சோதிக்கிறார்?

விடை: எந்த நரம்புப் பாதைகள் எஞ்சியுள்ளன என அறியவும், நடை மீளும் வாய்ப்பை மதிப்பிடவும் ஆகும். உணர்ச்சியற்ற தோலில் புண்ணோ தீக்காயமோ ஏற்பட்டாலும் நோயாளி அறியமாட்டார்; ஆகவே எவ்விடத்தைக் கவனமாகப் பேண வேண்டும் என்பதும் இதனால் தெரியவரும்.