குளிர்ந்த காற்றும் எஞ்சின் ஆற்றலும்

1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்காற்றுக் குழாய் பொருத்துவோர் இன்றும் உளர். இதன் பயன் யாது?

அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது சார்லஸ் விதி. வெளிக்காற்று 300 கெல்வின், எஞ்சின் அறைக் காற்று 330 கெல்வின் எனக் கொள்வோம். அப்போது வெளிக்காற்றின் அடர்த்தி 10 விழுக்காடு அதிகம். சிலிண்டருக்குள் அந்த அளவு ஆக்சிஜனும் மிகுதியாகச் செல்லும்.

ஆகவே வடிகட்டியைச் சூடான எஞ்சினருகே திறந்து வைப்பது வீண். தகட்டால் மறைத்து, வெளிக்காற்று வர வழிசெய்ய வேண்டும். காற்றளவிக்குப் பின் கசிவு இருப்பின், அளக்கப்படாத காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலியும். குழாயின் வாய் மிகத் தாழ்ந்திருப்பின், தேங்கிய மழைநீர் சிலிண்டருள் ஏறும். நீர் அமுங்காது, இணைப்புத் தண்டே வளையும். விதியை அறிந்தபின் கருவியைத் தொடுவதே நன்று.