நாரை திரும்பிப் பார்க்காது

அன்புள்ள மகளுக்கு,

மார்கழி பிறந்து மண்டபங்கள் காலியாகிவிட்டன, இருந்தும் கேமராவைத் தொடவே அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்தச் சனி ஞாயிறு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போ. ஏன் என்று சொல்கிறேன்.

முகூர்த்தத்தில் உன் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுகிறார்கள். மாலையை இன்னொரு தடவை போடுங்க, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். பிழைப்புக்கு அது வேண்டியதுதான். ஸ்டுடியோவில் நானும் அப்படித்தான் வாழ்ந்தேன். ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே எடுத்தால், தானாக நடக்கும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் பழக்கம் விட்டுப்போகும். உன் அலுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. புது லென்ஸ் வாங்கினால் தீராது. உன் பேச்சைக் கேட்காத ஒன்றின் முன்னால் போய் உட்கார வேண்டும். நத்தைகுத்தி நாரை யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது.

அங்கே பறவைகள் அவ்வளவு பக்கத்தில் கூடு கட்டுவதற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தலைமுறைகளாக அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அத்தனை காலமாக மனிதர்கள் காத்த பொறுமையை நீயும் காப்பாற்று. ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிடு. ட்ரோன் பேச்சே கூடாது.

காலையில் முதல் ஒரு மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். எந்த மரத்துக்குக் குச்சி வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார். பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்; அதைக் கவனித்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளைக் கொக்கு இருந்தால் மீட்டர் ஏமாந்துபோய் இறகெல்லாம் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறை. பட்டு வேட்டி மாப்பிள்ளைகளை எடுத்த கைக்கு இது புதிதில்லை. பகலில் பறப்பதை எடுக்க ஆயிரத்தில் ஒரு நொடி வை. அந்தியில் கூட்டங்கூட்டமாகத் திரும்பும்போது முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கி, பறவையோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பு. முக்கால்வாசி குழம்பிப்போகும். போகட்டும், கேட்க வாடிக்கையாளர் யாரும் இல்லை.

இன்னொன்று: ஞாயிறு முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடு. பட்டு, தங்கம், பூ என்று கல்யாணத்தில் பாதி வேலையை நிறமே செய்துவிடுகிறது. அது இல்லாதபோதுதான் வடிவம் கண்ணில் படும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கருவியால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அந்தப் படங்களைத் தேடிப் பார். விலங்கு தன் போக்கில் இருக்கும். எடுத்தவர் குறுக்கே வரமாட்டார்.

தை பிறந்தால் உனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள், யாரிடமும் கருத்துக் கேட்காமல் நீயே தேர்ந்தெடுத்த ஒரு படத்தை எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. சனிக்கிழமை ராத்திரி செங்கல்பட்டுக்கு வந்துவிடு; பெரியம்மா அடைக்கு ஊறப்போடுகிறாளாம்.

அன்புடன்,
பெரியப்பா