ஹைளும் இஸ்திஹாளாவும் – நாள் கணக்கு சொல்லும் செய்தி

மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள மதீனத்து அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். மாதவிடாய்க் குளிப்பைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். நம் வீடுகளில் நிலைமை வேறு. "எனக்குத் தொழுகை இல்லை" என்ற மூன்று சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொழுகை இல்லாத நாட்கள் பன்னிரண்டானாலும் பதினைந்தானாலும் அதே மூன்று சொற்கள்தாம். ஆகவே இம்மாதப் பாடத்தில் இதைத் திறந்தே பேசுகிறோம். தாய்மார்களுக்கான பக்கம் என்று ஆண்கள் தள்ளிவிட்டுப் போக வேண்டாம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மதுரையிலும், மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி பக்கங்களிலும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து இங்கு வாழ வந்த பெண்களில் ஷாபிஈகள் உண்டு. ஹனஃபியில் ஹைளின் குறைந்த அளவு 3 நாள், கூடிய அளவு 10 நாள். ஷாபிஈயில் குறைந்தது ஓர் இரவு பகல், கூடியது 15 நாள். இரண்டு ஹைளுக்கு இடையில் குறைந்தது 15 நாள் சுத்தம் இருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. இந்த எல்லைக்கு வெளியே காணும் உதிரம் இஸ்திஹாளா.

ஹனஃபிப் பெண் ஒருத்திக்கு வழக்கம் 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 9 நாள் கண்டு நின்று, பிறகு சுத்தமாகவே இருந்தால் ஒன்பதும் ஹைளுதான். 12 நாள் ஓடினால், வழக்கமான 6 நாள் ஹைளு, மிச்சம் 6 நாளும் இஸ்திஹாளா. அந்த மிச்ச நாட்களில் விட்ட தொழுகையை களாச் செய்ய வேண்டும். இஸ்திஹாளாவில் இருப்பவள் குளித்து, துணி வைத்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொழுகையின் வக்துக்கும் ஒளுச் செய்து தொழுவாள்; நோன்பும் நோற்பாள். ஷாபிஈகள் 15 நாள் தாண்டினால் உதிரத்தின் நிறத்தையும் கனத்தையும் பார்த்துப் பிரிப்பார்கள். அதன் விவரத்தைத் தங்கள் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரி கணவரிடம் சொல்கிறாள். அவர் அஸருக்குப் பிறகு பள்ளியில் ஹஜ்ரத்திடம் மெதுவாகக் கேட்கிறார். "பத்துக்கு மேல் இஸ்திஹாளா, குளித்துத் தொழச் சொல்லுங்கள்" என்று பதில் வருகிறது. பதில் சரியானதே. எல்லோர் மனமும் நிம்மதி அடைகிறது. அவளும் குளிக்கிறாள், தொழுகிறாள். உதிரம் மட்டும் நிற்கவில்லை. தொழுகையின் கேள்வி தீர்ந்தது. உடம்பின் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி, தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது, அது ஹைளு அல்ல, ஒரு இரத்தக் குழாயிலிருந்து வருவது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் இந்தத் தொல்லை இருந்தது. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்குப் பஞ்சு வைக்கும் யோசனையும் சொல்லப்பட்டது. இயற்கையான மாதவிடாய் வேறு, உடலின் கோளாறு வேறு என்ற பிரிவு நம் மார்க்கச் சட்டத்தின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. இஸ்திஹாளா என்று தெரிந்தால் அது மருத்துவரிடம் போவதற்கான அடையாளமும் ஆகும்.

மருத்துவர்களின் கணக்கும் கேளுங்கள். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள்வரை 24 முதல் 38 நாள் இருப்பது இயல்பு. உதிரம் 8 நாளுக்குள் நின்றுவிட வேண்டும். ஆகவே 10 நாள் காணும் ஹனஃபிப் பெண்ணும், 14 நாள் காணும் ஷாபிஈப் பெண்ணும் சட்டப்படி ஹைளில் இருந்தாலும், மருத்துவர் கண்ணுக்கு அது அதிகம்தான். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஃபிக்ஹின் எல்லை தொழுகை எப்போது கடமையாகிறது என்பதைச் சொல்கிறது. உடம்பு சுகமாக இருக்கிறது என்று சான்று தரவில்லை.

நாள் குறைவாக இருந்தும் போக்கு அதிகமாக இருக்கலாம். ஒரு மாதவிடாயில் சாதாரணமாக 30, 40 மில்லி இரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியோ நாப்கினோ முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாக விழுந்தால், இரவில் படுக்கை நனைந்தால் அதிகம் என்று அறிக. கருப்பையில் சதைக்கட்டி, கருமுட்டை சரியாக வெளிப்படாமை, தைராய்டுக் குறைவு, காப்பர்-டி என்று காரணங்கள் பல. வயதுக்கு வந்ததிலிருந்தே ஒரு பெண்பிள்ளைக்கு மிகுதியாகப் போனால், இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தே பலர் போவதில்லை. மாத்திரைகளும், ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனமும் வந்தபின், பெரும்பாலோருக்கு அறுவை கடைசி வழிதான்.

80 மில்லி இரத்தத்தோடு ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்பும் போகிறது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். செலவு வரவை மிஞ்சினால் என்ன ஆகும்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, ஸஜ்தாவிலிருந்து எழுந்தால் கண் இருட்டுவது, எந்நேரமும் அசதி — இவற்றை ஈமானின் பலவீனம் என்றோ சோம்பல் என்றோ மாமியார்கள் ஏசிவிட வேண்டாம். ஈரல், முருங்கைக்கீரை நல்லவை. பேரீச்சம்பழம் பரக்கத்தானது; ஆனால் வந்துவிட்ட இரத்தசோகையைத் தீர்க்க அதிலுள்ள இரும்பு போதாது, மாத்திரை வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ரமலானில் ஒரு காரியம் நடக்கிறது. ஹைளில் இருக்கும் பெண் நோன்பு வைக்கக் கூடாது. பிறகு களாச் செய்தால் போதும். ஆனால் வீட்டில் அத்தாவும் அண்ணன் தம்பிகளும் அறிந்துவிடுவார்களே என்று சஹருக்கு எழுந்து, பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலையில் எல்லோரோடும் நோன்புக் கஞ்சி குடிக்கிறாள். இடையில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு மிடறு தண்ணீர். உதிரம் போகும் உடம்புக்கு இது நோன்பும் அல்ல, நன்மையும் அல்ல. அவளுக்கென்று ஒரு தட்டு மூடி வைக்கச் சொல்வதில் ஆண்களுக்கு என்ன குறைவு வந்துவிடும்?

ஹஜ், உம்ரா, ரமலான் நெருங்கினால் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவோர் உண்டு. உடலுக்குக் கேடு இல்லையென்றால் கூடும் என்று உலமாக்களில் பலர் சொல்கிறார்கள். கேடு உண்டா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், கடைக்காரர் அல்ல. காலில் இரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. சிலருக்கு நடுவில் சொட்டுச் சொட்டாகப் பட்டு, எது ஹைளு எது இஸ்திஹாளா என்ற குழப்பமே மிஞ்சும். விடைபெறும் ஹஜ்ஜின் பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே மாதவிடாய் வந்து அழுதார்கள். ஆதமின் பெண்மக்களுக்கு இறைவன் விதித்தது இது என்று ஆறுதல் சொல்லி, தவாபைத் தவிர ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலிரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது கருப்பை சுருங்குவதால் வருவது. வெந்நீர்ப் பை ஒத்தடமும், மருத்துவர் சொன்ன வலி மாத்திரையும் போதும். வெறும் வயிற்றில் போடக் கூடாது, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆகாது. பள்ளிக்கூடம் போக முடியாத அளவு வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி, தாம்பத்தியத்தில் வலி இவை வேறு நோயைக் காட்டலாம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பது வைத்தியம் அல்ல.

பேரையூர்ப் பக்கம் கூவலப்புரம் போன்ற சில ஊர்களில் மாதவிடாய்ப் பெண்கள் முட்டுத்துறை என்னும் தனிக் கட்டடத்தில் ஒதுங்கியிருப்பது 2020 வாக்கில் செய்தியாக வந்தது. நம்மில் அந்த ஒதுக்கம் இல்லை. ஹைளில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் சாய்ந்தபடியே நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். ஆனால் நம் பெண்களின் துணிகள் ஒதுங்கித்தான் கிடக்கின்றன. நெருக்கமான தெருக்களில், மொட்டைமாடி பலருக்குப் பொது என்பதால், பாவாடைக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் ஈரமாகவே காய்கின்றன. அதனால் அரிப்பும் புண்ணும் வருகின்றன. சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வேண்டும். நாப்கினானால் நாலு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தாமதிக்கவே கூடாத சில உண்டு. கர்ப்பிணிக்கு உதிரம் கண்டால், அது ஹைளா இல்லையா என்ற மத்ஹபுப் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்த பெரியம்மாமார், நன்னிமார் சிறு கறை கண்டாலும் "திரும்பி வந்துவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது; புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தாம்பத்தியத்துக்குப் பின் உதிரம் படுவதும் அவ்வாறே. 15 வயதாகியும் வயதுக்கு வராத பிள்ளையையும், மூன்று மாதம் தவறிப்போகும் பெண்ணையும் காட்ட வேண்டும்.

கோரிப்பாளையம் தர்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவு அங்கு உண்டு. போகும்போது தொழுகைக்காக வைத்திருக்கும் நாள் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் கண்டது, எந்தத் தேதியில் நின்றது, நாளொன்றுக்கு எத்தனை துணி மாற்றியது, கட்டி விழுந்ததா. கடைசி ஆறு மாதம் இருந்தால் நல்லது. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.