குழந்தைக்கு உலர்ந்த துணி

ஆனி, ஆடி மாதங்களில் மட்டாஞ்சேரியில் மழை விடாது. சந்துகள் குறுகலானவை. பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான். அந்த அறைக்குள்ளேயே கொடி கட்டுகிறார்கள். கொடி நிறையக் குழந்தைத் துணி தொங்கும். மாலை வரை காயாது. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் தோபிகானா இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுக்கின்றன. அவர்களுக்கே மழைக்காலம் பாடுதான். பிள்ளை பெற்ற தாய் என்ன செய்வாள்?

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு, பத்து முறை துணியை நனைக்கும். ஈரத்துணி உடம்பிலேயே இருந்தால் தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும். குழந்தை இரவெல்லாம் அழும். தாய் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. கூலியும் போகும்.

கடையில் டயாப்பர் கிடைக்கிறது. ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து என்றால் 50 ரூபாய். மாதம் 1,500 ரூபாய். கூலிக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையா? அதனால் சிலர் ஒன்றையே நாள் முழுவதும் கட்டி விடுகிறார்கள். புண் அதனாலும் வரும். ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும். டயாப்பர் கிடைக்காது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரிய வெள்ளம் வந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் தங்கினார்கள். அப்போது கொச்சி கடவந்திரா விளையாட்டு அரங்கில் நிவாரணப் பொருள்கள் சேர்க்கப்பட்டன. 'அன்போடு கொச்சி' என்ற தொண்டர் குழு மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து அதைச் செய்தது. 2015இல் சென்னை வெள்ளத்துக்கு உதவத் தொடங்கிய குழு அது. அரிசி, பருப்போடு குழந்தைகளுக்கு டயாப்பரும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

வெள்ளம் என்றதும் சிலர் அழுக்குத் துணியை மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். முகாமில் அதைத் துவைக்க ஏது தண்ணீர்? அது உதவி அல்ல. வீட்டைக் காலி செய்வது.

வெள்ளம் இல்லாத நாளிலும் கொடுக்கலாம். டயாப்பர் பாக்கெட்டில் எத்தனை கிலோ எடையுள்ள குழந்தைக்கு என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். சிறியது இறுக்கும். பெரியது ஒழுகும். உங்கள் குழந்தை வளர்ந்த பிறகு பாக்கெட்டில் நாலைந்து மிஞ்சியிருக்கும். அவை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஆகும்.

பணம் இல்லையா? பழைய நூல் வேட்டி போதும். சோப்புப் போட்டுத் துவையுங்கள். கொதிநீரில் போட்டு எடுங்கள். வெயிலில் நன்றாகக் காய வைத்து, சதுரமாகக் கிழித்து மடித்துக் கொடுங்கள். பகலில் துணி, இரவில் டயாப்பர் என்று கட்டினால் செலவு குறையும்.

நாலு பேர் முன்னால் கொடுத்தால் வாங்குபவர் கூசுவார். அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷா பணியாளரிடமோ கொடுக்கலாம். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதன் எடை என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

பயன்படுத்திய டயாப்பரை வாய்க்காலில் போடக் கூடாது. தண்ணீர் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்:
உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் கைக்குழந்தை இருக்கிறது?
மழைக்காலத்தில் அந்த வீடுகளில் துணி எங்கே காய்கிறது?
நாளுக்கு மூன்று டயாப்பர் என்றால் மாதச் செலவு எவ்வளவு?