கட்டாரியை பஃபிங்குக்குக் கொடுக்காதீர்கள்

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும் கட்டாரி ஒன்று வீட்டில் உண்டு. "பளபளன்னு ஆக்கித் தர்றேன் மாப்ள" என்று மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனார். "அதுல கை வைக்காதீங்க மச்சான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அலகின் காடிக்குள் ரோமன் எழுத்துகள் இருந்தன. நகத்தால் தடவினால் தட்டுப்படும். எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னிக்கொண்டு திரும்பி வந்தபோது அவை போயே போய்விட்டன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முதலெழுத்தின் ஒரு கால் மட்டும் நிழலாகத் தெரிகிறது. முன்பே நான் படம் எடுத்து வைத்திருந்ததால் பேச்சுக்கு ஆதாரமாவது மிஞ்சியது. நீங்களும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் "வெட்டின சரக்கு, விலை போகாது" என்றார். வெட்டினதுதான், அதுதானே அதன் பெருமை! 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வாள் அலகுகள் கப்பலில் வந்து இறங்கின. ஒடிந்ததை நம் கொல்லர்கள் வீணாக்கவில்லை. நறுக்கிக் கட்டாரிக்குப் பொருத்தினார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இப்படிப்பட்டவை இருந்தன. 1855-இல் சமஸ்தானம் கும்பெனியிடம் போனபின் அங்கிருந்த ஆயுதங்களில் ஏராளமானவை பழைய இரும்பாக உடைபட்டன. தப்பியவற்றில் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக் கட்டாரியைத் தொடுங்கள்.

நறுக்கியதைக் காடியே காட்டிக்கொடுக்கும். முழு வாளில் அது பெரும்பாலும் நுனிக்கு வெகு முன்பே கரைந்துவிடும். எங்களுடையதில் நுனிவரை ஓடி, வெட்டின இடத்தில் சட்டென்று நிற்கிறது. அடியில், பிடியிலிருந்து நீளும் இரு தகடுகளுக்கு நடுவே அலகைச் செருகி ஆணியடித்திருக்கிறார்கள்.

அந்த வியாபாரியே பிற்பாடு வெளிநாட்டுப் பார்ட்டி இருப்பதாக போன் செய்தார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் வருஷச் சட்டம் இடம் தராது என்றேன். அப்புறம் போன் இல்லை.

துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகிவிடும். கடற்கரை வீட்டில் உப்புக்காற்றே போதாதென்று சந்தனத்தையும் அப்பி வைக்காதீர்கள். பூஜை முடிந்த ராத்திரியே துடையுங்கள். நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவது கூடவே கூடாது, புளிப்பு இரும்பை அரிக்கும். எங்கள் வீட்டில் பழம் இப்போது தனித்தட்டில். அம்மாவுக்கு அதில் குறைதான். மச்சான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.