புதிய திரவத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

சர்க்யூட் போர்டு கழுவும் பிரிவுக்கு மாற்றுக் கரைப்பான் தேடும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. ஆனால் அவசரப்படக் கூடாத வேலை.

1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, ஓசோன் படலத்தைக் காக்க, மின்னணு ஆலைகள் கழுவப் பயன்படுத்திய சிஎஃப்சி-113ஐக் கைவிட வேண்டி வந்தது. தென் கொரிய ஆலை ஒன்று அதற்குப் பதிலாக 2-புரோமோபுரொப்பேனைக் கொண்டுவந்தது. சுவிட்ச் பாகங்களை அதில் முக்கியெடுத்த பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. ஆண்களுக்கு விந்தணு குறைந்தது. 1995இல்தான் காரணம் பிடிபட்டது. அதன் உடன்பிறப்பான 1-புரோமோபுரொப்பேனும் பாதுகாப்பான மாற்று என்றே விற்பனைக்கு வந்தது. அது நரம்பைத் தாக்கும் என்பது பிறகு தெரிந்தது.

சீனாவின் சுஜோ நகரில் ஓர் ஆலையில் தொடுதிரை துடைக்க ஆல்கஹாலை விட்டுவிட்டு என்-ஹெக்சேனுக்கு மாறினார்கள். சீக்கிரம் உலரும், வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் காரணம். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். என்-ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி, நீளமான நரம்புகளை நுனியிலிருந்து சிதைக்கிறது. அதனால்தான் விரல்களும் பாதங்களும் முதலில் மரத்துப்போகின்றன.

ஆகவே விற்பனையாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 3ஆம் பகுதியையும் 11ஆம் பகுதியையும் முதலில் படி. முன்னதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும், பின்னதில் அது உடலை என்ன செய்யும் என்பதும் இருக்கும். ‘தரவு இல்லை’ என்று போட்டிருந்தால், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள். தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ளாதே.

அதற்கும் முன்னால், கழுவித்தான் ஆக வேண்டுமா என்று கேள். பற்றவைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸில் கழுவத் தேவையில்லாத வகையே பல போர்டுகளுக்குப் போதும். கழுவியே தீர வேண்டுமென்றால் நீர்வழிக் கழுவலைப் பார். வெறும் நீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம். போர்டோடு ஒட்டிக் கிடக்கும் சிப்புகளின் அடியில் எளிதில் நுழையாது. சோப்பாக்கும் கரைசல், சூடு, தெளிக்கும் அழுத்தம் மூன்றும் சேர வேண்டும். கழிவுநீரில் ஃப்ளக்ஸும் ஈயமும் கலந்து வரலாம்; அதைச் சுத்திகரிக்கும் செலவையும் இப்போதே கணக்கில் சேர். கரைப்பானே வேண்டுமென்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு நச்சு குறைவு. ஆனால் சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றும்.

திரவம் மாறிய பிறகு, தொட்டி அருகே நிற்பவர்களிடம் தலைசுற்றல், மரப்பு பற்றித் தவறாமல் விசாரி. பெண்களிடம் பேச ஒரு பெண் மருத்துவரை ஏற்பாடு செய். உடம்பு முன்கூட்டியே சொல்வதை யாரும் கேட்கவில்லை என்ற நிலை உன் ஆலையில் வரக் கூடாது. தொழிலாளர்கள் அறிகுறி சொன்னதும் லைனை நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்கு. அது கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அண்ணன்